வட வேல்ஸின் கல் கோட்டைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை என்னுடையது. வட வேல்ஸில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் கட்டிய கான்வி, கேர்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கு கோட்டைகளையும் கல் கல்லாகத் தெரியும். 1986-இல் இந்த நான்கும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இங்கிலாந்துக் கோட்டைகளைப் பற்றியும் கேட்கலாம். மற்ற நாடுகள் என்றால் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

கேட்கத் தொடங்கும் முன் ஒன்று. எந்தக் கோட்டைக்குப் போனாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன் வெளியே ஒரு முழுச் சுற்று நடந்துவிடுங்கள். கட்டியவர்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்குப் பணம் செலவழித்தார்கள் என்பதெல்லாம் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. நேராக உள்ளே போய்ப் படியேறி, போட்டோ எடுத்து இறங்குகிறவர்கள் பாதிக் கோட்டையைத்தான் பார்க்கிறார்கள்.

தஞ்சை மைந்தன்: அக்கா, இவ்வளவு சின்ன நிலப்பரப்பில் ஏன் இத்தனை கோட்டைகள்? அத்தனை போரா நடந்தது?

போர் அடங்கும் நேரத்திலும் அடங்கிய பிறகும் கட்டியவை இவை. நாட்டைப் பிடிப்பதற்காகக் கட்டவில்லை தம்பி, பிடித்த நாடு கையை விட்டுப் போகாமலிருக்கக் கட்டினார்கள். வட வேல்ஸில் இருந்த க்வினெத் நாட்டின் இளவரசன் லெவெலின் ஆப் க்ரிஃபித் 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி அருகே கொல்லப்பட்டான். அடுத்த மார்ச்சிலேயே எட்வர்ட் கான்விக்கு வந்து அகழி வெட்டும் வேலையைத் தொடங்கிவிட்டான். லெவெலினின் தம்பி டாவித் பிடிபட்டு ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டது 1283 அக்டோபரில்.

எட்வர்ட் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று பாருங்கள். கான்வியில் அப்போது சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடாலயம் இருந்தது. லெவெலினின் தாத்தா, ‘மகா லெவெலின்’ என்று வேல்ஸ் மக்கள் இன்றும் கொண்டாடுகிற லெவெலின் ஆப் யோர்வெர்த் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. அந்த மடாலயத்தை ஆற்றின் மேல்பக்கம் மைனான் என்ற ஊருக்கு மாற்றிவிட்டு, அதே நிலத்தில் கோட்டையையும் மதில் சூழ்ந்த ஊரையும் எழுப்பினான். ஊருக்குள் குடியேற்றப்பட்டவர்கள் ஆங்கிலேயர்கள். தோற்றவர்களின் மனத்தில் அந்தக் காட்சி எப்படிப் பதிந்திருக்கும்!

நான்கு கோட்டைகளும் கடலோரத்தில் இருப்பதும் தற்செயல் அல்ல. உள்நாடு முழுக்க எரேரி மலைகள், அவை வேல்ஸ்காரர்களின் கை. மலைப்பாதையை அடைத்துவிட்டாலும் கப்பலில் சோறும் அம்பும் வந்து சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. 1294-இல் மாடோக் ஆப் லெவெலின் கிளர்ச்சி செய்தபோது ஹார்லெக் தாக்குப்பிடித்தது அப்படித்தான், அயர்லாந்திலிருந்து கடல்வழியாக வந்த உணவால்.

செலவைச் சொன்னால் உங்களுக்கு அளவு புரியும். கான்வி கோட்டைக்கும் ஊர் மதிலுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15,000 பவுண்டு. அப்போது ஒரு கூலியாளுக்கு நாளைக்குச் சுமார் 2 பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கணக்குப் போட்டால் 18 லட்சம் நாள் கூலி! எட்வர்டிடம் அவ்வளவு ரொக்கம் கிடையாது. இத்தாலியில் லூக்கா நகரத்து ரிக்கார்டி என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கித்தான் நடத்தினான். இந்தக் கோட்டைகளை வாளோடு சேர்த்துப் பார்ப்பதைவிடக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதிகம் பேசும்.

மழைக்காதலி: எந்த மாதம் போகலாம்? என்ன செருப்பு போடுவது?

மே, ஜூன், செப்டம்பர். குளிர்காலத்தில் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். செருப்பே வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ. எழுநூறு ஆண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்த படிகள் நடுவில் குழிந்திருக்கும், மழை பட்டால் வழுக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போது கவனம் வேண்டும். கயிறோ கம்பியோ இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோழநாடன்: வாசல் மாடத்தின் கூரையில் ஓட்டைகள் இருக்கின்றனவே, கொதிக்கும் எண்ணெய் ஊற்றத்தானே?

எண்ணெய் அந்தக் காலத்தில் விலை உயர்ந்த பொருள். முற்றுகைக்குள் இருக்கிறவர்கள் அதை அண்டா அண்டாவாகக் கொட்ட மாட்டார்கள். கல், சுடுமணல், வெந்நீர், சுண்ணாம்பு எல்லாம் வீசியிருக்கிறார்கள். அந்தத் துளைகளுக்கு இன்னொரு முக்கியமான பயனும் உண்டு. கதவுக்கு எதிரி தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி அணைக்கலாம்.

வாள்வீச்சு: சுழல் படிகள் எல்லாம் ஏன் வலப்பக்கமாகச் சுழன்று ஏறுகின்றன என்று சொல்லுங்கள். ஏறி வருகிற எதிரியின் வலக்கை நடுத்தூணில் இடிக்கும், மேலிருந்து இறங்குகிற காவலனுக்கு வலக்கை வீச இடம் இருக்கும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்காக விளக்கினால் நன்றாக இருக்கும்.

இதை விளக்க மாட்டேன், மறுக்கத்தான் செய்வேன். ஒவ்வொரு கோட்டையிலும் யாராவது ஒருவர் இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கோட்டை கட்டிய காலத்தைச் சேர்ந்த எந்த எழுத்திலும் இந்தக் காரணம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சில் பரவிய கருத்து இது. இடப்பக்கமாகச் சுழலும் படிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிறைய இருக்கின்றன, கேர்நார்வனிலேயே உண்டு. வாள் சண்டைக்கு வேலையே இல்லாத தேவாலய மணிக்கூண்டுகளிலும் வலச் சுழற்சிப் படிகள் இருக்கின்றன.

குட்டிப்புலி அம்மா: நியூஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு டிக்கெட் எப்படி எடுப்பது?

அது இடைக்காலக் கோட்டை இல்லை அம்மா. பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. ரயிலே வந்துவிட்ட காலம். அழகான இடம்தான், ஆனால் என் துறை இல்லை. ஜெர்மனியில் உண்மையான இடைக்காலக் கோட்டை பார்க்க ஆசை என்றால் ரைன் ஆற்றங்கரையில் மார்க்ஸ்பர்க் போங்கள், மோசல் பக்கம் எல்ட்ஸ் போங்கள். இரண்டும் இடிபடாமல் தப்பியவை.

கண்ணாடிக்காரன்: பன்றிக் கொழுப்பு வைத்து ஒரு கோட்டையை விழவைத்தார்கள் என்று எங்கோ படித்தேன். கதையா, உண்மையா?

உண்மை. ஆதாரமே கடிதமாக இருக்கிறது. கென்ட் மாவட்டத்தில் ரோச்செஸ்டர் கோட்டை, 1215-ஆம் ஆண்டு இலையுதிர்காலம். மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைத்த அதே ஜான் மன்னன், அதே ஆண்டில், தன்னை எதிர்த்த பிரபுக்களை அங்கே முற்றுகையிட்டான். ஏறக்குறைய ஏழு வாரம். கவண் பொறிகள் வைத்துக் கல் எறிந்து பார்த்தான், பலிக்கவில்லை. கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கார்பெய் 1127-க்குப் பிறகு கட்டிய தலைக்கோபுரம் அது. 34 மீட்டர் உயரம், அடியில் சுவர் மூன்று மீட்டருக்கும் மேல் கனம்.

அதனால் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்குக் கீழே அஸ்திவாரத்தைக் குடைந்து, மேலே இருக்கும் கல் உடனே விழாமல் மரத்தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பிறகு அந்த முட்டுகளை எரிக்க வேண்டும். ஈரமான சுரங்கத்தில் வெறும் விறகு சரியாக எரியாது. நவம்பர் 25-ஆம் தேதி ஜான், தன் நீதித்துறைத் தலைவன் ஹியூபர்ட் டி பர்குக்கு எழுதினான்: இரவும் பகலுமாக விரைந்து, கொழுத்த பன்றிகள் 40 அனுப்பு, சாப்பாட்டுக்கு உதவாதவையாகப் பார்த்து அனுப்பு, கோபுரத்துக்குக் கீழே தீ மூட்ட வேண்டும். அந்த மூலை அப்படியே சரிந்தது. அதற்குப் பிறகும் உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தைக் குறுக்கே பிரிக்கும் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போராடினார்கள். கடைசியில் பட்டினிதான் அவர்களைப் பணியவைத்தது.

நேரில் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று மூலைக் கோபுரங்கள் சதுரம். தென்கிழக்கு மூலையில் மட்டும் வட்டம். விழுந்ததைப் பிறகு எழுப்பியபோது அடுத்த தலைமுறைக் கொத்தர்கள் வட்டமாகக் கட்டினார்கள். சதுர மூலையைக் குடைவது எளிது, வட்டத்தில் எதிரி ஒளிந்து நிற்க மறைவும் கிடையாது. இதுவும் வெளியே சுற்றி நடந்தால்தான் தெரியும்.

வாள்வீச்சு: மன்னிக்கவும், உங்கள் பதிலை ஏற்க முடியவில்லை. நான் வாள் பயிற்சி எடுக்கிறவன். நண்பனோடு ஒரு சுழல் படியில் மரவாளோடு நின்று பார்த்தோம். மேலே நின்றவனுக்குத்தான் தெளிவான சாதகம்.

மேலே நின்றவனுக்குச் சாதகம் இருக்கும், மறுக்கவில்லை. படி எந்தப் பக்கம் சுழன்றாலும் இருக்கும். கீழே நிற்பவனுக்கும் ஒன்று உண்டு: மேலே இருப்பவனின் கால் அவன் கைக்கு எட்டும். நீங்கள் செய்த சோதனை இரண்டு பேர் எப்படிச் சண்டை போடலாம் என்பதைக் காட்டுகிறது. 1283-இல் கொத்தன் அதற்காகத்தான் கட்டினான் என்பதைக் காட்டவில்லை.

கேர்நார்வனின் மன்னர் வாசலைப் பாருங்கள். திட்டமிட்டபடி முடிந்திருந்தால், உள்ளே நுழைபவன் இரண்டு தூக்குப் பாலங்களைத் தாண்டி, ஐந்து கதவுகளைக் கடந்து, மேலிருந்து இறங்கும் ஆறு இரும்புச் சட்டங்களுக்குக் கீழே நடந்து வர வேண்டும். அந்தச் சட்டங்கள் இறங்கிய காடிகள் இன்றும் இரு பக்கச் சுவரிலும் இருக்கின்றன, விரலை விட்டுப் பார்க்கலாம். அதே கோட்டையின் வடபக்க மதிலில் ஒரே அம்புத் துளைக்கு உள்பக்கம் மூன்று திசையிலிருந்து மூன்று வில்லாளிகள் குறி வைக்கும்படி கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். தற்காப்புக்கு மூளையைக் கசக்கியது அங்கே. இத்தனையும் தோற்று எதிரி படியில் ஏறிவிட்டான் என்றால் கோட்டை போயிற்று. அப்போது உள்ளே இருப்பவர்கள் உயிருக்குப் பேரம் பேசுவார்கள், படியில் நின்று ஒவ்வொருவராக வாள் வீச மாட்டார்கள்.

பனிமலை: குறுக்கே வருகிறேன். ஸ்காட்லாந்தில் ஃபெர்னிஹர்ஸ்ட் கோட்டையில் படி இடப்பக்கமாகச் சுழல்கிறது. அந்தக் கெர் குடும்பத்தார் இடதுகைப் பழக்கக்காரர்கள் என்பதால்தான். அப்படியானால் வாள்வீச்சு சொல்வது சரி என்றுதானே ஆகிறது?

ஃபெர்னிஹர்ஸ்ட் படி இருக்கிறது, கெர் குடும்பத்துக் கதையும் இருக்கிறது. அந்தக் கதையால்தான் அந்தப் படி என்பதற்குக் கல்லில் சான்று இல்லை. விதிக்கு மாறான படி கண்ணில் பட்டால் அதற்கு ஒரு இடதுகைக்காரனைத் தேடிப் பிடிப்பது என்று ஆரம்பித்தால் எந்தக் கொள்கையையும் பொய் என்று காட்டவே முடியாது. கேர்நார்வனில் இரண்டு பக்கமும் சுழல்கின்றன. அங்கே யாருக்கு எந்தக் கை?

வாள்வீச்சு: சரி, அப்படியானால் வலச் சுழற்சி ஏன் அதிகம்? அதற்காவது காரணம் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். பட்டறைப் பழக்கம் என்பது என் கருத்து. சுழல் படியின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு படியும் நடுத்தூணின் ஒரு துண்டும் சேர்ந்தே இருக்கும். ஒரு அச்சுப்பலகை வைத்து நூறு கல் செதுக்கி அடுக்க வேண்டும். ஒரு பட்டறை ஒரு பக்கத்துக்குப் பழகிவிட்டால் காரணம் இல்லாமல் மாற்றாது. வாசல் எங்கே வர வேண்டும், ஜன்னல் எங்கே வர வேண்டும், பக்கத்துக் கோபுரத்துப் படியோடு ஜோடியாக இருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து மாற்றியிருக்கிறார்கள். உங்களுக்கு உண்மையாகவே ஆர்வம் இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு படிக்கும் திசையைக் குறித்து வாருங்கள். அந்தப் பட்டியலை வைத்துப் பேசலாம். இத்தோடு படியை விட்டுவிடுவோம்.

நாகை வடிவேல்: அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. அழைத்துப் போக முடியுமா?

தாராளமாக. பியூமாரிஸ் சமதளத்தில் இருக்கிறது, அகழியைச் சுற்றி நடக்கவும் உள்முற்றத்தில் உட்காரவும் வசதி. ஹார்லெக் பாறை உச்சியில் இருந்தாலும், 2015-இல் கட்டிய நடைபாலம் வழியாகப் படியே இல்லாமல் உள்ளே போகலாம். கடல் பக்கத்திலிருந்து ஏறும் பழைய 108 படி வழியை அம்மாவுக்கு மேலிருந்து காட்டினால் போதும். அந்தக் காலத்தில் அந்தப் படியின் அடிவாரம் வரை கப்பல் வந்தது, இப்போது கடல் தூரப் போய்விட்டது. கேர்நார்வனில் மன்னர் வாசலுக்குள் 2023 முதல் லிஃப்ட் இருக்கிறது, மேல்தளம் வரை போகலாம். கான்வி மட்டும் அவர்களுக்குச் சிரமம். ஊர்த்துறையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். கோபுரங்கள் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

ராத்திரி ரயில்: டிராகுலா கோட்டை?

ருமேனியாவின் பிரான். டிராகுலா என்ற பெயருக்கு உரிய விளாத் மன்னன் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. மேற்கொண்டு எனக்குத் தெரிந்தது குறைவு.

பேய்க்கதை பிரியன்: ஆவி நடமாட்டம் அதிகம் உள்ள கோட்டை எது?

இதற்கு நான் பதில் சொல்வதில்லை.

வேலூர் வாசன்: வேல்ஸில் ஒரு கோட்டையில் திப்பு சுல்தானின் பொருள்கள் இருக்கின்றனவாமே?

ஆமாம், வெல்ஷ்பூல் பக்கத்தில் போவிஸ் கோட்டை. 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசன் ஒருவனின் குடும்பம் கட்டியது. இன்று பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது பதவியில் இருந்தவர் அவர்தான். அவர் மனைவி ஹென்றியெட்டா போவிஸ் குடும்பத்துப் பெண். அப்படித்தான் திப்புவின் கூடாரம், வாள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தக் கூடாரத்தின் துணியில் பூச்செடிகள் அச்சிட்ட வேலைப்பாடு இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு கடந்தும் எஞ்சியிருக்கும் பருத்தித் துணி. எடுத்துப் போன விதத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

திண்டுக்கல் ராணி: கொதிக்கும் எண்ணெய் எந்தக் கோட்டையில் ஊற்றினார்கள்?

மேலே சோழநாடனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சாரப்பலகை: நான் கட்டடப் பொறியாளர். இந்த நான்கையும் கட்டியவர் ஜேம்ஸ் என்ற ஒரே ஆள் என்கிறார்கள். எழுநூறு ஆண்டு கழித்து அதை எப்படிச் சொல்ல முடிகிறது?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வழியில் தெரிகிறது: ஏடு, கல்.

ஏட்டிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்து அரசுக் கணக்குகளில் ‘செயின்ட் ஜார்ஜ் ஊர் மாஸ்டர் ஜேம்ஸ்’ என்று ஒருவர் வருகிறார். 1284 முதல் அவருக்கு நாளைக்கு 3 ஷில்லிங் ஊதியம், அதுவும் வாழ்நாள் முழுக்க. அதாவது 36 பென்னி, ஒரு கூலியாளைப் போலப் பதினெட்டு மடங்கு. அவர் இறந்தால் மனைவி அம்ப்ரோசியாவுக்கு அதில் பாதி ஓய்வூதியம். 13-ஆம் நூற்றாண்டில் ஒரு கொத்தனாரின் மனைவி பெயர் அரசு ஏட்டில் நிற்கிறது என்றால் அந்த மனிதரின் மதிப்பு என்னவென்று பாருங்கள். 1290-இல் ஹார்லெக் கோட்டைக்கே அவரைத் தலைவராக்கினான் எட்வர்ட்.

ஊர் எது என்பது நீண்ட நாள் தெரியாமல் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆர்னால்ட் டெய்லர் என்ற ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவாய் நாட்டுக் கணக்கேடுகளைப் புரட்டி, அங்கே கோட்டை வேலைகளில் ஒரு மாஸ்டர் ஜேம்ஸைக் கண்டுபிடித்தார். இவர்தான் அவர். தந்தையோடு சேர்ந்து இவெர்டோன் கோட்டையில் வேலை பார்த்தவர். சவாய் பிரபுவின் செயின்ட்-ஜார்ஜ்-டெஸ்பெரான்ஷ் கோட்டையிலிருந்து ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் எட்வர்ட் 1273-இல் அந்தக் கோட்டைக்கே போயிருக்கிறான்.

இனி கல். உங்கள் பெயருக்கு ஏற்ற சான்று இது! கான்வியிலும் ஹார்லெக்கிலும் வட்டக் கோபுரங்களின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சாரக் கழி செருகிய துளைகள் வரிசையாகத் தெரியும். இங்கிலாந்துக் கொத்தர்கள் சாரத்தைத் தளம் தளமாகக் கிடைமட்டமாகக் கட்டுவார்கள், துளைகளும் கிடைமட்ட வரிசையில் இருக்கும். இங்கே துளை வரிசை சாய்வாக, கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. சாரமே ஒரு சரிவுப் பாதை. கல்லைத் தூக்காமல் இழுத்தே மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். சவாய் நாட்டுக் கோபுரங்களிலும் இதே சாய்வுத் துளைகள் இருக்கின்றன. கான்வி மதில் பற்களின் தலையில் மும்மூன்றாக நிற்கும் சிறு கூர்முனைகளும் அந்த நாட்டுப் பழக்கம்தான். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள், ஒவ்வொரு துளையிலும் நிழல் நிற்கும், சாய்வு பளிச்சென்று தெரியும்.

வடிவமைப்பு முழுக்க அவருடையதா, அல்லது ஆளையும் பொருளையும் ஒருங்கிணைத்த நிர்வாகியா என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிர்வாகி என்ற பாதி மறுக்க முடியாதது. பியூமாரிஸ் வேலை நடந்துகொண்டிருந்த 1296 பிப்ரவரியில், அவரும் வால்டர் ஆஃப் வின்செஸ்டரும் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரு வாரத்தில் இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் வியக்கலாம் என்று தொடங்கிக் கணக்கு ஒப்பிக்கிறார்கள்: கொத்தர் 400, கூலியாள்கள் 2,000, கல் உடைப்போர் 200, கொல்லர் 30, கூடவே தச்சர்கள், வண்டிகள் 100, பெரிய வண்டிகள் 60, கல்லும் கரியும் கொண்டுவரும் படகுகள் 30. வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும். கூலி பாக்கி, ஆள்கள் பசியில் இருக்கிறார்கள். கையெழுத்துக்குப் பிறகும் மனம் கேட்காமல், கடவுளுக்காகப் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். காண்ட்ராக்ட் வேலை பார்த்த யாருக்கும் அந்த வரி கண்ணைக் கலங்கவைக்கும்.

பணம் வரவில்லை. எட்வர்டின் கவனம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போய்விட்டது. இன்றைக்கும் பியூமாரிஸ் கோபுரங்கள் குட்டையாக நிற்கின்றன, எந்தக் கோபுரமும் திட்டமிட்ட உயரத்தை எட்டவில்லை.

மலைக்கள்ளன்: வாள்வீச்சு அண்ணன் சொன்னதுதான் சரி. பள்ளிச் சுற்றுலாவில் எங்கள் வழிகாட்டியே படியைப் பற்றி அப்படித்தான் சொன்னார்.

படி பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

வெண்சங்கு: கோட்டைகள் எல்லாம் அப்போதும் இப்படிச் சாம்பல் நிறமாகத்தான் இருந்தனவா?

பல கோட்டைகள் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தன. லண்டன் டவரின் நடுக்கோபுரத்தை மூன்றாம் ஹென்றி 1240-இல் வெள்ளையடிக்க உத்தரவிட்டான். கான்வி சுவரிலும் வெள்ளைப் பூச்சின் எச்சம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேர்நார்வன் மட்டும் வேறு. அங்கே வெவ்வேறு நிறக் கற்களைப் பட்டை பட்டையாக வைத்து, கோபுரங்களை வட்டமாக இல்லாமல் பல முகங்களோடு கட்டினார்கள். கான்ஸ்டான்டிநோபிள் மதிலைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசை என்பது டெய்லரின் கருத்து, அதை மறுப்பவர்களும் உண்டு. இதற்கும் ஆற்றுக்கு அக்கரையில் நின்று பார்க்க வேண்டும், உள்ளே நின்றால் தெரியாது.

விமான ஓட்டி: டிரோன் பறக்கவிடலாமா?

அனுமதி வாங்காமல் கூடாது.

குழந்தைவேலு: பையனுக்கு ஒன்பது வயது. வரலாறு சொன்னால் காது கொடுக்க மாட்டான். என்ன காட்டுவது?

கழிப்பறை. கான்வி ஊர் மதிலில், ஆலை வாசலுக்குப் பக்கத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் கழிப்பறைகள் பன்னிரண்டு வரிசையாக இருக்கின்றன. அரசு அலுவலக ஊழியர்களுக்காகக் கட்டியவை. எண்ணச் சொல்லுங்கள், எங்கே விழுந்திருக்கும் என்று கேளுங்கள், மீதியை அவனே கேட்பான். மதில் மேல் நடப்பது இலவசம். கையை மட்டும் விடாதீர்கள், சில இடங்களில் உள்பக்கம் தடுப்பு தாழ்வு.

ஆடிப்பெருக்கு: எட்வர்ட் கட்டியதை மட்டுமே சொல்கிறீர்கள். தோற்றவர்கள் கட்டியது ஒன்றுமே மிஞ்சவில்லையா?

மிஞ்சியிருக்கிறது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய நான்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

லான்பெரிஸ் ஏரிக்கு மேலே டோல்படார்ன் என்று ஒரு வட்டக் கோபுரம் இருக்கிறது. மகா லெவெலின் 13-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது, ஏறக்குறைய 15 மீட்டர் உயரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. எட்வர்ட் வென்ற பிறகு இங்கிருந்து மரத்தைப் பிரித்துக் கேர்நார்வன் வேலைக்குக் கொண்டுபோனார்கள். வென்றவன் கோட்டைக்குத் தோற்றவன் கோட்டையின் உத்தரம்! பேரன் லெவெலின் தன் அண்ணன் ஓவைனை இருபது ஆண்டுக்கு மேல் சிறைவைத்தது இங்கேதான் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இன்னொன்று டோல்விதெலன். மலைக்கணவாயைப் பார்த்து நிற்கும் சதுரக் கோபுரம். 1283 ஜனவரியில், கடும் குளிரில், எட்வர்டின் படையிடம் விழுந்தது. விழுந்தவுடன் உள்ளே வைத்த காவல்படைக்குப் பனியில் தெரியாமலிருக்க வெள்ளை உடை வாங்கிக் கொடுத்த செலவு அரசுக் கணக்கில் இருக்கிறது. உச்சியில் இப்போது காணும் மதில் பற்கள் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தவை, அவற்றைப் பார்த்து இடைக்காலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டும் சிறியவை. கான்வியின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆனால் லெவெலின் வீட்டார் தங்கள் மண்ணில், தங்கள் மலையைப் பார்த்துக் கட்டியவை. இவற்றை முதல் நாளும் எட்வர்டின் கோட்டைகளை மறுநாளும் பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால்தான் 1283-இல் அந்த மக்கள் தலைக்கு மேல் என்ன எழுந்தது என்று புரியும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு: லான்டட்னோ ஜங்ஷனில் இறங்கிக் கான்வி பள்ளத்தாக்கு ரயிலைப் பிடித்தால் டோல்விதெலன் நிலையத்துக்கே போகலாம், அங்கிருந்து நடக்கும் தூரம். கான்வி நிலையம் ஊர் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே எல்லா ரயிலும் தானாக நிற்காது, இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.